எழும்பூர் தோட்டத்திலிருந்து காவலூர் வரை

கார்த்திகை மாதத்து அமாவாசை இரவு. திருமயத்தில் ஊர் விளக்குகளை விட்டுச் சற்று விலகி நின்று, எட்டு மணி வாக்கில் வடக்கே அண்ணாந்து பார்த்தால், பஞ்சைக் கிள்ளி ஒட்ட வைத்தது போல ஒரு மங்கலான திட்டு தெரியும். அதுதான் ஆண்ட்ரோமீடா கேலக்ஸி. அங்கிருந்து ஒளி கிளம்பி 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. 1687-ல் கட்டப்பட்ட கோட்டையே நமக்குப் பழசு!

அதே ஊரில் மாசி மாதம் தெற்கே பார்த்தால் இன்னொரு கேலக்ஸி. பெரிய மெகல்லன் மேகம் என்று பெயர். அடிவானத்திலிருந்து சுமார் பத்து டிகிரி உயரம்தான் வரும். புகையும் மேகமும் இல்லாவிட்டால் மங்கலாகத் தெரியும். இந்த இரண்டும் ஒரே ஊரிலிருந்து தெரிவது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் அதிர்ஷ்டம். இங்கிலாந்துக்காரனுக்கு இரண்டாவது எப்போதுமே கிடையாது.

ஆனால் முதலாவதை முதன்முதலில் ஒழுங்காகப் படம் பிடித்தவர் ஓர் இங்கிலாந்துவாசிதான். ஐசக் ராபர்ட்ஸ். தொழில்முறை வானியலாளர் அல்ல, லிவர்பூல் பக்கத்தில் கட்டட கான்ட்ராக்டர். சம்பாதித்த பணத்தில் வீட்டிலேயே 20 அங்குலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை வைத்துக் கொண்டார். 1888 டிசம்பர் 29 அன்று நான்கு மணி நேரம் திறந்து வைத்த புகைப்படத் தகட்டில் ஆண்ட்ரோமீடாவின் சுருள் வடிவம் விழுந்தது. கண்ணால் எத்தனை நேரம் பார்த்தாலும் திட்டு திட்டாகத்தான் இருக்கும். கண் ஒளியைச் சேர்த்து வைக்காது, தகடு சேர்த்து வைக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், தான் எடுத்தது என்னவென்று ராபர்ட்ஸுக்குத் தெரியாது. நம் சூரியக் குடும்பம் போல ஒன்று உருவாகிக் கொண்டிருக்கிறது என்றே நினைத்தார். அது வேறொரு நட்சத்திர உலகம் என்பதற்கான சான்று 1923-ல்தான் கிடைத்தது. அந்த ஆண்டு ஹப்பிள் ஒரு தகட்டில் அதற்குள் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட முடிந்தது.

சரி, நம்மூருக்கு வருவோம். தோட்டத்தில் தொலைநோக்கி வைக்கும் கதை சென்னையில் ராபர்ட்ஸுக்கு நூறு வருடம் முன்பே தொடங்கிவிட்டது. 1786-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி எழும்பூரில் தன் வீட்டில் சொந்தச் செலவில் ஒரு வானிலை நோக்ககம் வைத்தார். ('வானிலை' என்றவுடன் மழை அறிவிப்பு என்று நினைக்க வேண்டாம், நட்சத்திரம் பார்க்கும் இடம்.) சில ஆண்டுகளில் அவருடைய கருவிகள் கம்பெனிக்குப் போயின. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் அப்சர்வேட்டரி எழுந்தது. கப்பலுக்கு நேரமும் நாட்டுக்கு வரைபடமும் வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. ஒரு தனி மனிதனின் பொழுதுபோக்கு அரசாங்க ஆபீசானது.

கருவியைத் தாங்க நட்ட பத்து டன் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. பிரிட்டிஷாரின் தயாளத்தால் ஆசியாவில் கணித சாஸ்திரம் முதலில் நடப்பட்டது என்று ஆயிரம் ஆண்டு கழித்து வருபவர்களுக்கும் சொல்ல, அங்கே தமிழிலும் தெலுங்கிலும்கூடப் பொறித்து வைத்தார்கள். ஆரியபட்டர் படித்திருந்தால் சிரித்திருப்பார்.

இங்கே ஒருவரை மறக்கக் கூடாது. சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளி மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். தெற்கு வானத்தில் தாழ்வாக இருக்கும் அதை லண்டனிலிருந்து பார்க்கவே முடியாது. பகலெல்லாம் பஞ்சாங்கத்தைத் திருத்துவதற்கும் பாடுபட்டார். வானத்தில் உண்மையில் கிரகம் நிற்கும் இடமும் பஞ்சாங்கம் சொல்லும் இடமும் ஒத்துப்போக வேண்டும் என்று திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதை விளக்கிப் பல இந்திய மொழிகளில் புத்தகம் வரச் செய்தார். ஆனாலும் பதவியில் கடைசி வரை உதவியாளர்தான். அப்சர்வேட்டரியின் தலைவராக 1861 முதல் 1891 வரை இருந்தவர் நார்மன் போக்சன். நட்சத்திரங்களின் பிரகாசத்துக்கு இன்றும் உலகம் பயன்படுத்தும் அளவுகோல் அவர் வகுத்தது.

1899-ல் வேலை கொடைக்கானலுக்குப் போனது. அங்கே சூரியன்தான் முக்கியம். புனேயில் பாவ்நகர் மகாராஜாவின் பணத்தில் நிறுவப்பட்ட 20 அங்குலத் தொலைநோக்கி 1912-ல் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. ராபர்ட்ஸின் கண்ணாடிக்கும் இதே அளவுதான்! ஆனால் மலையில் மேகம் அதிகம், தூரத்து கேலக்ஸிகளுக்கு அந்த வானம் ஏற்றதல்ல.

1960-ல் இயக்குநராக வந்த வைணு பாப்பு இதைக் கண்டார். அவரும் சிறு வயதிலேயே ஹைதராபாத்தில் வானம் பார்த்துப் பழகியவர். அவருடைய தந்தை நிஜாமியா அப்சர்வேட்டரியில் வேலை பார்த்தார். பாப்பு ஜவ்வாது மலையில் ஆலங்காயம் பக்கம் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே வைத்த முதல் தொலைநோக்கி 38 செ.மீ. கொண்டது. அதை வெளிநாட்டில் வாங்கவில்லை, கொடைக்கானல் அப்சர்வேட்டரியின் பின்புறத்திலேயே ஊழியர்களுடன் சேர்ந்து செய்தார்கள். 1968-ல் வேலை தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கனவை மட்டும் பாப்பு பார்க்கவில்லை. 1982-ல் மியூனிக்கில் இறந்துவிட்டார். 1986 ஜனவரியில் அது திறக்கப்பட்டபோது அந்த இடத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

அடுத்த ஆண்டே ஒரு சோதனை. 1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. வெறும் கண்ணுக்கே தெரிந்த சூப்பர்நோவா. அதுவும் வேறொரு கேலக்ஸியில்! காவலூரிலிருந்து பார்த்தால் அது மரங்களுக்கு மேலே சுமார் எட்டு டிகிரியில்தான். அவ்வளவு தாழ்வில், காற்றின் தடித்த அடுக்கு வழியாக, அதன் நிறமாலையைப் பதிவு செய்தார்கள்.

ராபர்ட்ஸின் தகடு தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டைத்தான் பிடித்தது. இன்றைய மின்னணு சென்சார் பாதிக்கு மேல் பிடித்துவிடும். அதனால் நான்கு அங்குலத் தொலைநோக்கியை மொட்டை மாடியில் வைத்து, ஒரு நிமிடப் படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்துக் கணினியில் அடுக்கினால் ஆண்ட்ரோமீடாவின் சுருள் வந்துவிடுகிறது. தடையாக நிற்பது இப்போது கண்ணாடியின் அளவு அல்ல, தெருவிளக்கு. எழும்பூரில் பெட்ரி பார்த்த வானம் இன்று எழும்பூரில் கிடையாது. திருமயத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.