பூமிக்கு ஒரு எடைக்கல்

கொத்தனார் கையில தூக்குக்குண்டு பார்த்திருப்பீங்க. நூல் நேரா கீழே தொங்கும். ஆனா பக்கத்துல ஒரு பெரிய மலை இருந்தா? மலையும் கொஞ்சம் இழுக்கும், நூல் துளியூண்டு அந்தப் பக்கம் சாயும். இந்த ரெண்டு இழுப்புக்கும் உள்ள விகிதம் தெரிஞ்சா போதும், மலையை எடைக்கல்லா வச்சு பூமியையே நிறுத்துடலாம்!

விளையாட்டுக்குச் சொல்லலைங்க, 1774-ல் நிஜமாவே செஞ்சாங்க. இங்கிலாந்தின் அரச வானியலாளர் நெவில் மாஸ்கலின், ஸ்காட்லாந்தில் ஷிஹாலியன் என்ற மலையில் மாசக்கணக்கில் தங்கினார். மலைக்குத் தெற்கே ஒரு இடம், வடக்கே ஒரு இடம். நட்சத்திரங்களை வைத்து நூலின் சாய்வை அளந்தார். ரெண்டு பக்கமும் சேர்த்துக் கிடைத்தது, ஒரு டிகிரியை 3600 கூறு போட்டால் அதில் வெறும் 11.6 கூறு.

அடுத்து மலையோட கன அளவு வேணும். கணக்குப் போட்டவர் சார்லஸ் ஹட்டன். வரைபடத்தில் ஆயிரக்கணக்கான உயரப் புள்ளிகள், தலை சுத்துது. ஒரே உயரமுள்ள புள்ளிகளைக் கோடு போட்டு இணைச்சார். இன்னிக்கு வரைபடங்கள்ல பார்க்கிற சமஉயரக் கோடு அந்த வேலையில் பயன்பட்டதுதான்.

1778-ல் விடை வந்தது. பூமியின் சராசரி அடர்த்திக்கும் மலையின் அடர்த்திக்கும் விகிதம் 9:5.

மலைப்பாறை தண்ணீரைப் போல 2.5 மடங்கு கனம்னு ஹட்டன் ஒரு உத்தேசமா வச்சுக்கிட்டார். அப்படின்னா பூமி 4.5 மடங்கு. சரியான விடை சுமார் 5.5. ஆக, நிறைய உதைக்குது. பாறை அவர் நினைச்சதை விட கனம் என்பது ஒரு காரணம். பின்னாடி ஜான் பிளேஃபேர் பாறைகளை ஆராய்ஞ்சு, 1811-ல் அந்த எண்ணைக் கொஞ்சம் உயர்த்தினார். 1798-ல் ஹென்றி காவெண்டிஷ் ஈயக் குண்டுகளை எடைக்கல்லாக்கி 5.48 என்று கிட்டத்தட்ட அடிச்சே விட்டார்.

அப்போ ஹட்டன் தோத்துட்டாரா? எனக்கு அப்படித் தோணலை. பூமிக்குள்ளே வெற்றிடம் இருக்குன்னு 1692-ல் எட்மண்ட் ஹாலியே சொல்லியிருந்தார். பாறையின் எடை தெரியாமலே, 9:5 என்ற விகிதம் மட்டுமே அதுக்குப் பதில் சொல்லிடுச்சு. மேலே இருக்கிற பாறையை விட உள்ளே இருக்கிறது ரொம்ப கனம். உலோகமா இருக்கணும்னு ஹட்டன் ஊகிச்சார். சரியாத்தான் ஊகிச்சார்.

எடைக்கல் தப்பு, தராசு சரி :-)