அமெரிக்க குடியுரிமைத் தேர்வு: 128 கேள்விகள், 2 வாய்ப்புகள்... பாஸ் ஆனால் இந்திய பாஸ்போர்ட் என்ன ஆகும்?

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ ஒரு நாள் போன் செய்து, "அம்மா, சிட்டிசன்ஷிப் டெஸ்ட் பாஸ் பண்ணிட்டேன்" என்கிறார். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு சந்தோஷம்தான். ஆனால் அடுத்த நொடியே ஒரு கேள்வி வருகிறது: "அப்போ நீ இனிமே இந்தியன் இல்லையா?"

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. தேர்வில் பாஸ் ஆவது ஒரு விஷயம், குடிமகன் ஆவது இன்னொரு விஷயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது, அந்த இடைவெளியில் என்ன யோசிக்க வேண்டும் என்று விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்தத் தேர்வை எழுதலாம்?

முதலில் ஒரு திருத்தம். இது 'எழுதுகிற' தேர்வே இல்லை. அதிகாரி எதிரில் உட்கார்ந்து வாயால் பதில் சொல்லும் நேர்காணல். நான்கு விடைகளில் ஒன்றை டிக் அடிக்கும் வசதியும் கிடையாது.

இதற்கு விண்ணப்பிக்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். கையில் கிரீன் கார்டு இருக்க வேண்டும். கிரீன் கார்டு கிடைத்து 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ திருமணம் செய்து சேர்ந்து வாழ்பவர்களுக்கு 3 ஆண்டுகள் போதும். அந்த 5 ஆண்டுகளில் குறைந்தது 30 மாதங்கள் அமெரிக்க மண்ணிலேயே இருந்திருக்க வேண்டும்.

விண்ணப்பப் படிவத்தின் பெயர் என்-400. ஆன்லைனில் கட்டணம் 710 டாலர், காகிதத்தில் அனுப்பினால் 760 டாலர். இதையெல்லாம் கவனிக்கும் துறை யுஎஸ்சிஐஎஸ், அதாவது அமெரிக்கக் குடியுரிமை மற்றும் குடியேற்றச் சேவைத் துறை.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இந்தியர்களுக்கு நீளமான காத்திருப்பு என்பது இந்தத் தேர்வுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பு உண்டு. அதனால் எச்1பி விசாவில் போன இந்தியர்கள் பலர் பத்து ஆண்டுகளுக்கு மேல் வரிசையில் நிற்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இந்த 5 ஆண்டுக் கணக்கே ஆரம்பிக்கும். இருபதுகளில் விமானம் ஏறியவர், குடியுரிமை இண்டர்வியூவுக்குப் போகும்போது தலையில் நரை விழுந்திருக்கும்.

தேர்வில் என்னென்ன இருக்கும்?

இரண்டு பகுதிகள். ஒன்று ஆங்கிலம், இன்னொன்று குடிமையியல்.

ஆங்கிலம்:

• பேசுவது: தனியாகத் தேர்வு கிடையாது. உங்கள் விண்ணப்பத்தைப் பற்றி அதிகாரி கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொல்வதை வைத்தே முடிவு செய்வார்.
• படிப்பது: 3 வாக்கியங்களில் ஒன்றைச் சரியாக வாசித்தால் போதும்.
• எழுதுவது: அதிகாரி சொல்லச் சொல்ல எழுத வேண்டும். 3 வாக்கியங்களில் ஒன்று சரியாக இருந்தால் போதும்.

வாசிக்கவும் எழுதவும் வரக்கூடிய சொற்களின் பட்டியலை அரசே இலவசமாக வெளியிட்டிருக்கிறது. 'குடிமக்கள் வாக்களிக்கலாம்' என்கிற அளவுக்கான எளிய வாக்கியங்கள்தான்.

குடிமையியல்: அமெரிக்காவின் வரலாறு, அரசு இயங்கும் முறை ஆகியவை பற்றிய கேள்விகள். இங்கேதான் சமீபத்தில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது.

என்ன மாறியது?

2008 முதல் இருந்த தேர்வில் மொத்தம் 100 கேள்விகள். அதிலிருந்து 10 கேட்பார்கள், 6 சரியாகச் சொன்னால் பாஸ்.

டிரம்ப்பின் முதல் ஆட்சிக் காலத்தில், 2020 டிசம்பரில் இது கடினமாக்கப்பட்டது. பைடன் அரசு வந்ததும் 2021-இல் பழைய தேர்வுக்கே திரும்பினார்கள். இப்போது மறுபடியும் மாற்றம். 2025 அக்டோபர் 20 அன்றோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்தவர்களுக்குப் புதிய தேர்வு:

• மொத்தக் கேள்விகள் 128
• கேட்கப்படுவது 20 வரை
• பாஸ் ஆக 12 சரியாக இருக்க வேண்டும்
• 12 சரியான பதில் வந்ததும் அதிகாரி நிறுத்திவிடுவார். 9 தவறானாலும் நிறுத்திவிடுவார்

சதவீதத்தில் பார்த்தால் இரண்டிலும் 60தான். ஆனால் படிக்க வேண்டிய பாடமும் கேள்விகளின் எண்ணிக்கையும் கூடியிருக்கிறது. அதனால் எந்தத் தேதியில் விண்ணப்பித்தோம் என்று பார்த்துவிட்டுப் படிக்க ஆரம்பிப்பது நல்லது. யூடியூபில் பழைய 100 கேள்வி வீடியோக்கள் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன!

கேள்விகள் எப்படி இருக்கும்?

• நாட்டின் உச்சபட்ச சட்டம் எது? அரசியலமைப்புச் சட்டம்.
• அதில் இதுவரை எத்தனை திருத்தங்கள்? 27.
• செனட் உறுப்பினர்கள் எத்தனை பேர்? 100.
• பிரதிநிதிகள் சபையில் வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள்? 435.
• சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர்? தாமஸ் ஜெஃபர்சன்.
• கொடியில் ஏன் 13 கோடுகள்? ஆரம்பத்தில் இருந்த 13 குடியேற்றங்களைக் குறிக்க.

128 கேள்விகளும் பதில்களும் முன்கூட்டியே வெளியிடப்பட்டவை. கேள்வித்தாள் 'அவுட்' ஆன தேர்வு என்றே சொல்லலாம். ஒரு சில பதில்கள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் மாநில ஆளுநர் யார், உங்கள் மாநில செனட்டர் ஒருவர் பெயர் சொல்லுங்கள், சபாநாயகர் யார் என்பவை அப்படிப்பட்டவை. நம் ஊர் ஆளுநர் நியமிக்கப்படுபவர். அங்கே ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏறக்குறைய நம் முதல்வர் மாதிரி. எனவே இடையில் தேர்தல் வந்தால் பதிலும் மாறிவிடும்.

ஃபெயில் ஆனால்?

பயப்பட வேண்டாம். இரண்டாவது வாய்ப்பு உண்டு. 60 முதல் 90 நாட்களுக்குள் மறுபடியும் அழைப்பார்கள். எந்தப் பகுதியில் தவறினீர்களோ அதை மட்டும் எழுதினால் போதும். ஆங்கிலத்தில் பாஸ், குடிமையியலில் ஃபெயில் என்றால் குடிமையியல் மட்டும்தான்.

இரண்டாவது முறையும் தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். மறுபடி கட்டணம் கட்டி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆனால் தேர்வில் தோற்றதற்காக கிரீன் கார்டு பறிபோகாது.

உண்மையில் எங்கே சிக்கல் வருகிறது?

பழைய தேர்வு முறையில் பத்தில் ஒன்பது பேர் தேர்ச்சி பெற்றுவிட்டார்கள். படித்த வேலையில் இருப்பவர்களுக்கு 128 கேள்விகளை மனப்பாடம் செய்வது பெரிய விஷயம் இல்லை. சிக்கல் வருவது வேறு மூன்று இடங்களில்.

1. படிவத்தில் உள்ள 'ஆம் – இல்லை' கேள்விகள். எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, வரி பாக்கி இருக்கிறதா, அமெரிக்கக் குடிமகன் என்று எப்போதாவது சொல்லிக்கொண்டீர்களா, அமெரிக்கத் தேர்தலில் வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தீர்களா என்றெல்லாம் வரும். இண்டர்வியூவில் உறுதிமொழி எடுத்துக்கொண்டுதான் இதற்கெல்லாம் பதில் சொல்கிறீர்கள். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது தெரியாமல் வாக்காளர் பதிவுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தால்கூட அது பெரிய பிரச்சினை. இப்படி ஏதாவது இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பார்ப்பது அவசியம். 2025 ஆகஸ்ட்டில் இருந்து 'நன்னடத்தை' பரிசோதனையும் இறுக்கமாகியிருக்கிறது.

2. புரியாமல் 'இல்லை' சொல்வது. எல்லாவற்றுக்கும் 'நோ, நோ' என்று சொல்லிக்கொண்டே போனால், "நான் கேட்ட வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று அதிகாரி திருப்பிக் கேட்கலாம். படிவத்தில் உள்ள கடினமான சொற்களுக்கு எளிய ஆங்கிலத்தில் அர்த்தம் சொல்லிப் பழகுவது, கேள்வி பதில்களைப் படிப்பதைவிட முக்கியம்.

3. ஊருக்கு வந்து தங்கியது. ஒரே பயணத்தில் 6 மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால், தொடர்ந்து வசித்தார் என்பதில் சந்தேகம் எழும். ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும். ஓர் ஆண்டோ அதற்கு மேலோ என்றால் பொதுவாக அந்தத் தொடர்ச்சியே அறுந்துவிடும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று வந்து எட்டு மாதம் கூடவே இருந்த மகனுக்கும் இதே விதிதான்.

வயதான பெற்றோருக்குச் சலுகை உண்டா?

உண்டு. ஆனால் வயது மட்டும் போதாது, கிரீன் கார்டோடு இருந்த ஆண்டுகளும் சேர வேண்டும்.

• 50 வயது, கிரீன் கார்டோடு 20 ஆண்டுகள்: ஆங்கிலத் தேர்வு கிடையாது.
• 55 வயது, 15 ஆண்டுகள்: ஆங்கிலத் தேர்வு கிடையாது.
• 65 வயது, 20 ஆண்டுகள்: ஆங்கிலத் தேர்வு கிடையாது. குடிமையியலிலும் தேர்ந்தெடுத்த 20 கேள்விகள் மட்டும். அதில் 10 கேட்டு, 6 சரியானால் பாஸ்.

இவர்கள் மொழிபெயர்ப்பாளரை அழைத்துச் சென்று குடிமையியல் கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் சொல்லலாம்.

இதில் ஒரு வருத்தமான கணக்கும் இருக்கிறது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள 62 வயதில் கிரீன் கார்டில் போகும் பாட்டிக்கு, ஆங்கில விலக்கு கிடைக்க 77 வயது வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் விண்ணப்பித்தால் 70 வயதிலும் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டித்தான் ஆக வேண்டும். மறதி நோய் போன்ற மருத்துவக் காரணங்கள் இருந்தால் மருத்துவர் சான்றோடு என்-648 படிவம் மூலம் விலக்கு கேட்கலாம். 'வயதாகிவிட்டது', 'பள்ளிக்கூடம் போகவில்லை' என்பவை மட்டும் காரணமாக ஏற்கப்படாது.

பாஸ் ஆனதும் குடியுரிமை வந்துவிடுமா?

வராது. தேர்வில் பாஸ் ஆகி, விண்ணப்பமும் ஏற்கப்பட்ட பிறகு உறுதிமொழி விழாவுக்கு அழைப்பு வரும். சில இடங்களில் அதே நாளில், சில இடங்களில் பிறகு. அங்கே கிரீன் கார்டை ஒப்படைத்து, கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்க வேண்டும். இதுவரை எந்த நாட்டுக்கு விசுவாசமாக இருந்தேனோ அதைத் துறக்கிறேன் என்ற பொருள் அந்த உறுதிமொழிக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சொல்லி முடித்த பிறகுதான் நீங்கள் அமெரிக்கக் குடிமகன்.

இந்தியக் குடியுரிமை முடிவதும் அந்த நிமிடத்தில்தான். 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவின்படி, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறுபவர் இந்தியக் குடிமகன் இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. இலங்கைத் தமிழர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே விண்ணப்பித்து அனுமதி பெற்று இரண்டையும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது.

பிறகு இந்திய பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது. அதை ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்றை வைத்துத்தான் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும்.

ஓசிஐ இருந்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது?

• வாழ்நாள் முழுக்க விசா இல்லாமல் இந்தியா வந்து போகலாம், தங்கலாம்.
• வீடு, மனை வாங்கலாம்.
• விவசாய நிலம், தோட்டம் வாங்க முடியாது. பரம்பரையாக வந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம்.
• இந்தியாவில் ஓட்டு கிடையாது, தேர்தலில் நிற்க முடியாது.

கிரீன் கார்டில் இருக்கும்வரை அவர் இந்தியக் குடிமகன்தான். வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிவு செய்து, தேர்தல் நாளில் நேரில் வந்து சொந்தத் தொகுதியில் ஓட்டுப் போடலாம். உறுதிமொழி எடுத்தால் அதுவும் முடிந்தது.

பிறகு ஏன் எடுக்கிறார்கள்?

காரணங்கள் வலுவானவை. கிரீன் கார்டு வைத்திருப்பவர் பெற்றோருக்கு கிரீன் கார்டு கேட்க முடியாது. 21 வயதான குடிமகன் கேட்கலாம், அதற்கு ஆண்டு உச்சவரம்பும் இல்லை. அப்பா அம்மாவைக் கூட வைத்துக்கொள்ளவே இந்தியக் குடியுரிமையை விடுகிறவர்கள் உண்டு. உடன் வசிக்கும், கிரீன் கார்டு உள்ள 18 வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்குத் தேர்வே இல்லாமல் குடியுரிமை வந்துவிடும். ஊருக்கு வந்தால் எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

2022 நிதியாண்டில் மட்டும் 65,960 இந்தியர்கள் அமெரிக்கக் குடிமக்கள் ஆனார்கள். மெக்சிகோவுக்கு அடுத்து இரண்டாவது இடம். எல்லா நாடுகளையும் சேர்த்து 2022-இல் இந்தியக் குடியுரிமையை விட்டவர்கள் 2,25,620 பேர் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது.

ஆகவே அம்மாவின் கேள்விக்கு பதில் இதுதான்: தேர்வில் பாஸ் ஆன அன்று அவர் இன்னும் இந்தியர்தான். வேண்டாம் என்று தோன்றினால் உறுதிமொழி எடுக்காமல் விலகிக்கொள்ளவும் முடியும். உறுதிமொழி எடுத்த பிறகு அடுத்த பொங்கலுக்கு அதே வீட்டுக்கு வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். வரும்போது கையில் அமெரிக்க பாஸ்போர்ட்டோடு ஓசிஐ அட்டையும் இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் மட்டும் அவர் பெயர் இருக்காது. இதை வீட்டில் பேசி முடிவெடுக்க சரியான நேரம், விழாவுக்கான அழைப்பு வந்த பிறகு அல்ல, என்-400 படிவத்தை நிரப்ப உட்காரும்போதே!