அழைக்கப்படாத படை: ஆஸ்திரேலியப் பெண் தொண்டர்களும் போர்க்கால அரசும்

இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலியப் பெண்கள் முப்படைகளில் சேர்ந்த வரலாறு வழக்கமாக 1941இல் தொடங்கப்படுகிறது. அவ்வாண்டு மார்ச்சில் விமானப்படையின் மகளிர் துணைப்படையும், ஏப்ரலில் கடற்படையின் மகளிர் பிரிவும் உருவாயின. ஆகஸ்டில் தரைப்படையின் மகளிர் பணிப்பிரிவுக்கு ஒப்புதல் கிடைத்தது. அதற்கு முன்பே தாமாகச் சீருடை வகுத்துக்கொண்டு பயிற்சி எடுத்த தன்னார்வ அமைப்புகள் இந்த வரலாற்றில் முன்கதையாகச் சுருங்கிவிடுகின்றன. இந்த வரிசை காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிடுகிறது என்பது என் வாதம். பயிற்சி முடித்து வாசலில் நின்றவர்களை மறுக்க வழியில்லாமல்தான் அரசு ஏற்றது. ஆனால் விலை பேசாமல் கொடுத்த அந்த உழைப்பே, பின்னர் அவர்களின் பேரம் பேசும் வலுவையும் குறைத்தது.

பெண்கள் அவசரகாலச் சமிக்ஞைப் படையை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் முதல் பெண் மின்பொறியாளர் எனப் பெயர்பெற்ற ஃப்ளோரன்ஸ் வயலட் மெக்கென்ஸி 1939இல் சிட்னியில் அதைத் தொடங்கினார். கிளாரன்ஸ் தெருவில் மோர்ஸ் தந்திமுறை இலவசமாகக் கற்றுத்தரப்பட்டது. மோர்ஸைக் கண்ணால் படித்துத் தேற முடியாது. புள்ளியையும் கோட்டையும் எண்ணிக்கொண்டிருப்பவர் பின்தங்கிவிடுவார். ஒவ்வோர் எழுத்தும் ஒரு தாளக்கட்டாகக் காதில் விழ வேண்டும், கை தானாக எழுத வேண்டும். மாதக்கணக்கில் பழகினால்தான் இது வரும், அவசரத்துக்கு ஆள் பிடித்து உருவாக்கிவிட முடியாது. போர் மூண்டபோதே பிறருக்குக் கற்பிக்கும் அளவுக்குத் தேர்ந்த பெண்கள் நூற்றுக்கு மேல் அங்கே இருந்தார்கள். 1941 ஜனவரியில் கடற்படையின் தகவல் தொடர்பு இயக்குநர் நேரில் வந்து சோதித்து, சேர்த்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தார். கடற்படை அமைச்சர் பில்லி ஹியூஸ் அப்போதும் தயங்கினார். இவர்களை விமானப்படைக்கே அனுப்பிவிடுவேன் என்று மெக்கென்ஸி சொன்ன பிறகுதான் காரியம் நடந்தது. ஏப்ரல் 28 அன்று தந்தியாளர்கள் பன்னிரண்டு பேர், வீட்டுப் பணிகளுக்கு இருவர் எனப் பதினான்கு பெண்கள் கான்பெராவின் ஹார்மன் தளத்தை அடைந்தார்கள். அவர்கள் உடுத்தியிருந்தது மெக்கென்ஸி வடிவமைத்த பச்சைச் சீருடை. கடற்படையின் உடை அல்ல. இந்த மரபு மீறலுக்கு விளம்பரம் கூடாது என்பது அரசின் நிபந்தனை. வேண்டி விரும்பி அழைத்தவர்கள் இப்படி ஒளித்துவைப்பார்களா?

ஆள் பற்றாக்குறை எப்படியும் இதைச் செய்திருக்கும் என்று சொல்லலாம். தந்தியாளர்கள் போதவில்லை என்பது மெய்தான். ஆனால் மூன்று மகளிர் பிரிவுகளையும் அமைக்கும் முடிவுகள் 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்குவதற்கு முந்தியவை. நாடே ஆபத்தில் என்ற பதற்றம் பிறக்காத காலத்தவை. தேவை இருந்தால் மட்டும் அரசு பெண்ணிடம் போய்விடுவதில்லை. காத்திருக்கலாம், வயது மூத்த ஆண்களைத் தேடலாம். இங்கே தேர்ச்சி கண்முன் நின்றதால், பெண்ணால் முடியுமா என்று தர்க்கிக்க இடமே இல்லாமல் போனது.

இந்தத் தன்னார்வ அமைப்புகள் வசதி படைத்தவர்களின் சீருடை மோகம் என்ற ஏளனமும் உண்டு. ஓய்வுநேரமும் கைச்செலவுக்குப் பணமும் இல்லாத தொழிலாளிப் பெண் இவற்றில் சேர்வது கடினம் என்பதால், அந்தக் குறையை முழுதாகத் தள்ளிவிட முடியாது. அரசும் இதை உணர்ந்திருந்ததாகவே தோன்றுகிறது. மற்றொரு தன்னார்வ அமைப்பான பெண்கள் விமானப் பயிற்சிப் படையின் தலைவர்களில் ஒருவரான மேரி பெல், விமானப்படை மகளிர் பிரிவைக் கட்டியெழுப்பத் தற்காலிக இயக்குநராக அமர்த்தப்பட்டார். சில மாதங்களில், வணிக நிர்வாகத்திலிருந்து வந்த கிளேர் ஸ்டீவன்சனுக்கு அந்தப் பதவி போனது. தேர்ச்சியும் ஆளும் அமைப்பும் வேண்டும், தலைமை மட்டும் வேண்டாம் என்பது அதன் பொருள். மெக்கென்ஸிக்கும் இதே கதிதான். ஏறத்தாழ மூவாயிரம் பெண்களுக்கும் பல்லாயிரம் படைவீரர்களுக்கும் கற்பித்தவருக்குப் போர்க்காலத்தில் கிடைத்தது விமானப்படையில் ஒரு கௌரவ அதிகாரிப் பட்டம்; அதுவும் வீரர்களுக்குப் பாடம் நடத்தச் சட்டத்தடை இல்லாதிருப்பதற்காக.

ஊதியத்தில்தான் இந்தக் கொடையின் மறுபக்கம் தெரிகிறது. சீருடைப் பெண்களுக்கு, ஒத்த தரத்து ஆண்கள் பெற்றதில் மூன்றில் இரண்டு பங்கே கொடுக்கப்பட்டது. அன்றைய பெண்களின் அடிப்படைக் கூலி ஆண்கள் கூலியில் பாதிக்குச் சற்றே கூடுதல். ஆகவே இது முன்னேற்றம்தானே என்று கேட்கலாம். ஒப்பிட வேண்டியது அதனோடு அல்ல. ஆண்களின் வேலைக்குத் தொழிற்சாலையில் அமர்த்தப்பட்ட பெண்களுக்காக 1942இல் பெண்கள் வேலைவாய்ப்பு வாரியம் அமைக்கப்பட்டது. பல தொழில்களில் அது ஆண் ஊதியத்தின் 90 விழுக்காட்டை வழங்கியது. தங்கள் கூலிநிலை சரிந்துவிடக் கூடாது என்ற தன்னலத்தாலேனும் தொழிற்சங்கங்கள் அங்கே பேரம் பேசின. தந்திக் கருவியின் முன் அமர்ந்தவளுக்குப் பேச யாரும் இல்லை. விலை பேசாமல் உழைப்பைக் கொடுத்ததுதான் அவள் அமைப்பின் தொடக்கம். ஹார்மன் தளத்துப் பெண்களும் தொடக்கத்தில் துணைப் பணியாளர்களாகவே வைக்கப்பட்டார்கள். முறையாகப் படையில் பதிவுபெற அடுத்த ஆண்டுவரை காத்திருந்தார்கள். போர் முடிந்த சில ஆண்டுகளில் மூன்று மகளிர் பிரிவுகளும் கலைக்கப்பட்டன. 1950களின் தொடக்கத்தில் ஆள் பற்றாக்குறை திரும்பியபோது, அதே அரசே அவற்றை மறுபடி தொடங்கியது.