தெருநாயை வீட்டுக்குள் பழக்குதல்

தெருநாயை வீட்டுக்குள் பழக்குதல் என்பது தெருவிலோ, வயல்வெளியிலோ, தொழிற்சாலை வாயிலிலோ திரிந்து வளர்ந்த நாயொன்றை வீட்டின் உட்புறத்தில் அச்சமின்றியும் நோயின்றியும் வாழப் படிப்படியாகப் பழக்குவது ஆகும். இது நாய்க்குட்டி வளர்ப்பிலிருந்து வேறுபட்டது. வளர்ந்த தெருநாய்க்குத் தனக்கென ஓர் எல்லை, உறங்கும் இடம், உணவு கிடைக்கும் நேரம், மலசலம் கழிக்கும் இடம் என்பன ஏற்கனவே உண்டு. ஒழுங்கற்ற விலங்கு என்று அது கருதப்பட்டாலும், அதன் வாழ்வு இடத்தாலும் நேரத்தாலும் மிகவும் ஒழுங்குபட்டது. எனவே பழக்குதல் என்பது அவ்வொழுங்கை அழிப்பதன்று; அதனை வீட்டுக்குள் இடம் மாற்றுவதாகும்.

பின்னணி

காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் (ஸ்ரீபெரும்புதூர்) – ஒரகடம் பகுதி இத்தகைய பழக்குதலின் சிக்கல்களை நன்கு காட்டும் இடமாகும். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களைக் கொண்டிருந்த இப்பகுதி, 1990களின் பிற்பகுதியிலிருந்து தொழிற்பகுதியாக மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை இயங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இலும், டெய்ம்லர் சரக்குந்து ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இலும் செயற்படத் தொடங்கின.

ஊர் நாய்களின் வாழிடமும் இம்மாற்றத்துக்கு உட்பட்டது. பழைய ஊர் வீட்டில் நாயின் இடம் வாசலும் திண்ணையும் ஆகும். வீட்டைக் காக்கும், மீந்த சோற்றை உண்ணும், ஆனால் நிலைப்படியைத் தாண்டாது. வயலும் களமும் சுற்றுச்சுவருக்குள் சென்றபோது, ஆலை வாயில், தேநீர்க் கடை, பேருந்து நிறுத்தம் ஆகியவை அவற்றின் புதிய எல்லைகளாயின. காவலர்களும் வேலை முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் தொழிலாளர்களும் இடும் பிஸ்கட்டே பல நாய்களுக்குக் காலை உணவு. இவ்வாறு பழகிய நாயைத்தான், அது அடிபட்டோ குட்டி ஈன்றோ கிடக்கும்போது, ஒருவர் தன் வாடகை அறைக்கு எடுத்துச் செல்கிறார். அந்த அறைக்கோ பெரும்பாலும் திண்ணையும் இல்லை, மண்தரையும் இல்லை.

எந்த நாய் உகந்தது

எல்லாத் தெருநாய்களையும் வீட்டுக்குள் கொண்டுவருதல் நன்று எனக் கூற இயலாது. நாய்க்குட்டி 3 முதல் ஏறத்தாழ 12 அல்லது 14 கிழமை வரையான பருவத்தில் காணும் மனிதர், ஒலி, இடம் ஆகியவற்றை எளிதில் இயல்பாக ஏற்றுக்கொள்ளும். அப்பருவத்தில் மனிதக் கை படாது வளர்ந்த நாய்க்கு மூடிய அறை கூண்டாகவே தோன்றும். நலமாகவும் அஞ்சாமலும், உணவிடுவோர் பலருடனும் ஓரிடத்தில் வாழும் நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வித்து அங்கேயே விடுவது அதற்குச் செய்யும் பெரிய உதவியாகும். முதிர்ந்தவை, உடல் ஊனமுற்றவை, தாயை இழந்த குட்டிகள், தானே மனிதரைப் பின்தொடர்ந்து வீடு வரை வருபவை ஆகியன பழக்கத்துக்கு உகந்தவை.

தெருநாய்கள் மனிதரைப் புரிந்துகொள்ளாதவை என்ற எண்ணம் பிழையானது. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் ஆய்வுக்குழு தெருக்களில் திரியும் நாய்களை ஆராய்ந்தது. அறிமுகமற்ற மனிதர் மீண்டும் மீண்டும் அணுகியபோது, அந்நாய்கள் உணவை விடத் தடவிக்கொடுத்தலையே விரும்பின என்று இக்குழு 2017இல் வெளியிட்டது. கையால் சுட்டிக்காட்டும் திசையைப் பல நாய்கள் பயிற்சியின்றியே பின்பற்றின என்பது 2020இல் வெளிவந்த முடிவாகும்.

மருத்துவ முன்னேற்பாடு

நாய் உள்ளே வருவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வெறிநாய்க்கடி நோய்க்கான (ரேபிஸ்) தடுப்பூசி 3 மாத வயதிலிருந்து இடப்படுகின்றது. பின்னர் மருத்துவர் குறிக்கும் காலத்தில் மீண்டும் இடப்பட வேண்டும். தடுப்பூசி இட்ட அன்றே நாய் பாதுகாப்பானதாகி விடுவதில்லை. முன்னரே தொற்றுக்கு உள்ளாகியிருந்தால் நோய் வெளிப்படப் பல கிழமைகளோ மாதங்களோ ஆகலாம். ஆகவே பழக்கும் காலத்தில் சிறு கீறலோ கடியோ ஏற்பட்டாலும், அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இத்தடுப்பூசி கட்டணமின்றி இடப்படுகின்றது. நம் நாய்தானே என்று காத்திருப்பது உயிரிழப்புக்குக் காரணமாகலாம். நோய் வெளிப்பட்ட பின் அதற்குப் பயனுள்ள மருத்துவம் இல்லை.

அடுத்து உண்ணி. பலரும் இதனைத் தோல் தொல்லையாக மட்டும் கருதுகின்றனர். தமிழ்நாட்டு நாய்களில் பரவலாகக் காணப்படும் பழுப்பு நாய் உண்ணி, தன் வாழ்க்கை வட்டம் முழுவதையும் வீட்டுக்குள்ளேயே முடிக்க வல்லது. குருதி குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயிலிருந்து விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவுச் சட்டத்தின் பின்னும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தெருவில் பரந்து கிடந்த தொல்லை ஒரே அறைக்குள் குவிவது இதனால்தான். நாய்க்கு மட்டும் மருந்திட்டு அறையை விட்டுவிட்டால் சில கிழமைகளில் உண்ணி திரும்பும். நாய்க்குக் கழுத்தில் இடும் சொட்டு மருந்தோ மாத்திரையோ மருத்துவர் சொற்படி கொடுப்பதுடன், அதன் படுக்கையைக் கொதிநீரில் துவைத்து, வெடிப்புகளை அடைத்தலும் தேவை.

உண்ணி பரப்பும் நோய்களுள் ஒன்றுக்குச் சென்னையோடு தொடர்பு உண்டு. நாயின் குருதிச் சிவப்பணுக்களை அழிக்கும் பபேசியா கிப்சோனி என்னும் ஒட்டுண்ணியை டபிள்யூ. எஸ். பேட்டன் 1910இல் முதன்முதலாக விவரித்தார். அவர் அதனைக் கண்டது சென்னை வேட்டைக் குழுவினர் வளர்த்த வேட்டை நாய்களின் குருதியிலும், பின்னர் நரியின் குருதியிலும் ஆகும். இங்கிலாந்து முறையில் குதிரையேறி நரி வேட்டையாடியவர்களின் நாய்களைத் தாக்கிய அதே நோய் இன்று ஆலை வாயில் நாய்களையும் தாக்குகின்றது. உண்ணாமை, காய்ச்சல், வெளிறிய ஈறு, பழுப்பு நிறச் சிறுநீர், மூக்கில் குருதி ஆகியவை உண்ணிக் காய்ச்சல்களின் அறிகுறிகள். புதிதாக வந்த நாய் மூலையில் சுருண்டு உண்ணாமல் கிடந்தால் அது அச்சம் என்று விட்டுவிடுவது வழக்கம். இரண்டு நாளாகியும் உண்ணாவிடின் குருதிச் சோதனை செய்வித்தல் நன்று.

குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியவையும் இக்காலத்தில் செய்யப்படுகின்றன. காதில் சிறு வெட்டு இருப்பின் அந்நாய்க்கு முன்னரே கருத்தடை செய்யப்பட்டிருக்கும்.

வாசற்படியிலிருந்து உள்ளறைக்கு

பழக்கும் முறையில் முதன்மையானது வழியை அடைக்காமை. தெருநாயின் பாதுகாப்பு அதன் பற்களில் இல்லை, ஓடிச் செல்லும் வழியில் உள்ளது. கதவை மூடியவுடன் அது அவ்வழியை இழக்கின்றது. ஆகவே முதற் சில நாட்கள் வாசலில் ஒரு சாக்கு விரித்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் அங்கே உணவு வைக்கலாம். பின் அதே சாக்கை நிலைப்படிக்கு உள்ளே ஓரடி நகர்த்திக் கதவைத் திறந்தே வைக்க வேண்டும். நாய் தானாக வந்து, உண்டு, படுத்து, தானாக எழுந்து செல்லும் நிலை வந்தபின் கதவைச் சில நிமிடங்கள் மூடிப் பார்க்கலாம். சாக்கைத் துவைத்தாலும் மாற்றக் கூடாது. அதன் மணமே நாய்க்கு முகவரி. வாசலற்ற மாடி அறைகளில் கதவருகேயுள்ள மூலையொன்று வாசலின் வேலையைச் செய்யும்.

கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றிக் கட்டும் வார் பாதுகாப்பானது. அஞ்சிய நாய் பின்வாங்கும்போது கழுத்துப்பட்டை தலைவழியே கழன்றுவிடும். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில் – திருப்பெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. கொள்கலன் சரக்குந்துகள் இடைவிடாது ஓடும் அச்சாலைகளில் தப்பியோடிய நாய்க்கு இரண்டாம் வாய்ப்பு அரிது.

வீட்டினுள் நாம் கவனிக்காதவை நாய்க்குப் புதியவை. குக்கரின் விசில், மிக்சி, தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி, கண்ணாடியில் தெரியும் மற்றொரு நாய் ஆகியவற்றை அது முன்னர் அறிந்திராது. மிக்சியை முதலில் மூடிய கதவுக்குப் பின்னாலும், நாய் உண்ணும் நேரத்திலும் ஓட்டினால் அவ்வொலி உணவோடு சேர்ந்து பதியும். மண்ணில் நடந்த கால்கள் வழவழப்பான ஓட்டுத் தரையில் வழுக்கும். உள்ளே வர மறுக்கும் நாய் பல வேளைகளில் வீட்டுக்கு அஞ்சுவதில்லை, தரைக்கே அஞ்சுகின்றது. கதவிலிருந்து படுக்கை வரை தென்னைநார் மிதியடிகளை வரிசையாகப் போட்டால் இது தீரும்.

உணவை உடனே மாற்றினால் வயிற்றுப்போக்கு ஏற்படும். ஒரு கிழமையில் சிறிது சிறிதாக மாற்றலாம். வெங்காயம், சாக்கலேட்டு, திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும். உண்ணும்போது தட்டை எடுத்துப் பார்க்கக் கூடாது: தெருவில் தட்டை எடுப்பவன் பகைவன். உறுமுதல் ஓர் எச்சரிக்கை. அடித்து அதனை அடக்கினால் நாய் எச்சரிக்காமலே கடிக்கக் கற்கும்.

கழிவுப் பழக்கம்

தெருநாய்கள் பொதுவாகத் தாம் உறங்கும் இடத்தை அழுக்காக்குவதில்லை. வீட்டில் ஏற்படும் பிழைக்குக் காரணம் வீட்டின் எந்தப் பகுதி உறங்கும் இடம், எது வெளி என்பது அதற்குத் தெரியாமையே. எனவே முதலில் ஓர் அறையை மட்டும் திறந்துவிட வேண்டும். விழித்தவுடன், உண்டபின், உறங்கச் செல்லுமுன் ஒரே மண்தரைக்கு அழைத்துச் சென்று, கழித்த உடனே அங்கேயே ஒரு துண்டு உணவு கொடுக்கலாம். மண்ணும் புல்லும் மட்டுமே அறிந்த நாய் சிமெந்துத் தரையில் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு நிற்கும். மாடியில் வாழ்வோர் அகன்ற தட்டில் மண்ணையோ புற்பத்தையையோ வைத்துப் பழக்கலாம்.

நேரம் கடந்து அடிப்பதும், மூக்கை அதில் தேய்ப்பதும் நம் ஊரில் இன்றும் காணப்படும் வழக்கங்கள். நாய் இவற்றிலிருந்து கற்பது, மனிதர் காணக் கழிக்கக் கூடாது என்பது மட்டுமே. பின்னர் கட்டிலின் கீழ் கழிக்கும். தரையைக் கழுவ ஃபினாயில் உகந்ததன்று. ஃபினால் சேர்ந்த நீர்மங்கள் நாயின் பாதத்தோலைப் புண்ணாக்குவதுடன், நக்கினால் நஞ்சாகும். கறையின் மணத்தைச் சிதைக்கும் நொதிக் கரைசல்கள் கிடைத்தால் அவையே சிறந்தவை.

முறைவேலையும் தனிமையும்

தொழிற்பகுதியில் இப்பழக்குதல் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். ஆலை வேலை காலை, பிற்பகல், இரவு என முறை மாறி வருவது. எட்டு மணி நேர வேலையோடு பேருந்துப் பயணமும் சேர்ந்தால் அறை பத்து மணி நேரத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கும். வளர்ந்த நாயையும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாது அடைத்து வைத்தல் தகாது. முறை மாறும் கிழமையில் உணவு நேரமும் மாறினால், அதுவரை பழகிய கழிவு ஒழுங்கும் குலைந்துவிடும்.

தனியே வாழ்பவர் இதனைத் தாமாகச் செய்து முடிப்பது அரிது. எதிரெதிர் முறையில் வேலை செய்யும் இருவர் ஓர் அறையில் இருந்தால் இயலும். அவ்வாறாயின் உணவு, நடை ஆகியவற்றின் நேரத்தை ஆளின் முறையோடு கட்டாமல் கடிகாரத்தோடு கட்ட வேண்டும். காலை ஆறு என்றால் எவர் அறையில் இருப்பினும் ஆறு. இரவு முறை முடித்துப் பகலில் உறங்குவோருக்கு ஒரு நன்மை உண்டு. தெருநாய்களும் நண்பகல் வெயிலில் உறங்குபவையே.

தனிமைக்குப் பழக்குதல் ஒரு நிமிடத்தில் தொடங்கி, ஐந்து நிமிடம், அரை மணி என்று நீள வேண்டும். விடுப்பு நாட்கள் முழுவதும் நாயுடன் இருந்துவிட்டு மறுநாள் பத்து மணி நேரம் பூட்டிச் செல்வது, கதவைப் பிறாண்டுதலுக்கும் இடைவிடாத ஊளைக்கும் வழி. அதனைத் தொடர்ந்து வருவது அண்டை வீட்டார் முறையீடும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வதும் ஆகும்.

சட்டமும் கைவிடுதலும்

தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் முறையை இந்தியாவில் முன்னெடுத்த அமைப்புகளுள் சென்னையின் புளூ கிராஸ் ஒன்றாகும். சென்னை மாநகராட்சி 1990களில் இம்முறைக்கு மாறியது. நாடளாவிய விதிகள் 2001இல் வந்தன; 2023இல் புதிய விதிகள் அவற்றுக்குப் பதிலாயின.

தில்லிப் பகுதித் தெருநாய்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகத்து 22 அன்று வழங்கிய ஆணை, தத்தெடுப்பையும் குறிப்பிட்டது. விருப்பமுள்ளோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம். அவ்வாறு எடுத்த நாய் மீண்டும் தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது அவர்களின் பொறுப்பு என்று அவ்வாணை கூறியது. வளர்க்கும் விலங்கைக் கைவிடுதல் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமாகும். அச்சட்டம் முதற் குற்றத்துக்குக் குறித்த தண்டம் 10 முதல் 50 ரூபாய். எடுத்துச் சென்று விடும் ஆட்டோவின் கட்டணம் இதைவிட மிகுதி.

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் தொழிலாளி, நாயை எடுத்த அதே ஆலை வாயிலில் விட்டுச் செல்வது தீங்கற்றதாகத் தோன்றலாம். ஆனால் ஓராண்டு வீட்டுக்குள் இருந்த நாயின் பழைய எல்லையை அதற்குள் வேறு நாய்கள் பிடித்திருக்கும். அவை அதனை ஏற்பதில்லை; பிஸ்கட் இட்ட காவலரும் மாறியிருப்பார். ஆகையால் நாயை உள்ளே அழைக்குமுன், தாம் இடம்பெயர நேரின் அதனை உடன் கொண்டுசெல்ல இயலுமா, இல்லையெனில் ஏற்கும் வீடு எது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். வேறு வீட்டுக்குக் கொடுப்பதாயின், அதன் சாக்கையும் உணவு நேரக் குறிப்பையும் தடுப்பூசி அட்டையையும் உடன் கொடுத்து, புதிய வீட்டின் வாசற்படியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். ஒருமுறை பழகிய நாய்க்கு இரண்டாம் முறை பெரும்பாலும் குறைந்த நாட்களே ஆகும்.