பழக்கமாதலும் மனச்சோர்வும்: ஓர் அளவீட்டின் வரலாறு

ஒரே தூண்டல் மீண்டும் மீண்டும் வரும்போது உடலின் துலங்கல் படிப்படியாகக் குறைவது பழக்கமாதல் எனப்படும். புதிதாக மாட்டிய சுவர்க் கடிகாரத்தின் ஒலி முதல் இரவு தூக்கத்தைக் கெடுக்கும். சில நாள்களில் அது காதில் விழுவதே இல்லை. மனச்சோர்வு நோயில் இவ்வியல்பு மாறுகிறதா என்ற ஆய்வுக்கு நீண்ட வரலாறு உண்டு.

தொடக்கம்

1888-இல் பிரெஞ்சு மருத்துவர் சார்லஸ் ஃபெரே, தோல் வழியே சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, புலன்கள் தூண்டப்படும்போது மின்தடை குறைவதைக் கண்டார். இது வியர்வைச் சுரப்பிகளின் செயலைச் சார்ந்தது. அச்சுரப்பிகளைப் பரிவு நரம்பு மண்டலம் இயக்குகிறது. நாம் நினைத்தபடி அடக்க முடியாது. எனவே வாய் சொல்லாததையும் உள்ளங்கை காட்டிவிடும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்ல் யுங் தம் சொல் தொடர்புச் சோதனைகளில் கால்வனோமீட்டரைப் பயன்படுத்தினார்.

விளக்கங்கள்

சோவியத் உளவியலாளர் எவ்கேனி சொக்கலோவ், மூளை ஒவ்வொரு தூண்டலுக்கும் ஒரு மாதிரியை அமைத்துக்கொள்கிறது என்றார். அடுத்து வருவது அம்மாதிரியுடன் பொருந்தினால் துலங்கல் அடங்கும். மாறுபட்டால் மீண்டும் எழும். 1966-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தாம்சன், ஸ்பென்சர் இருவரும் பழக்கமாதலின் ஒன்பது பண்புகளைத் தொகுத்தனர்.

இலண்டன் ஆய்வு

மால்கம் லேடர், லோர்னா விங் ஆகியோர் ஒரே ஒலியைப் பலமுறை எழுப்பி உள்ளங்கைத் தோலின் மின்கடத்துதிறனை அளந்தனர். விங் பின்னாளில் ஆட்டிசம் ஆய்வுகளால் புகழ்பெற்றவர். இவர்களின் 1969 ஆய்வில், பதற்றத்துடன் கூடிய மனச்சோர்வு கொண்டவர்களின் உடல் ஒலிக்கு எளிதில் பழகவில்லை. செயல் மந்தமான மனச்சோர்வு கொண்டவர்களிடமோ துலங்கலே மிகக் குறைவாக இருந்தது. நோயின் பெயர் ஒன்று. உடலின் போக்கோ எதிரெதிர். இருவகையினரையும் சேர்த்துச் சராசரி கண்டால் இவ்வேறுபாடு மறைந்துவிடும்.

எல்லைகள்

பின்வந்த பல ஆய்வுகளில் மனச்சோர்வு கொண்டவர்களின் தோல் மின்கடத்துதிறன் குறைவாகவே பதிவானது. ஆனால் வியர்வைச் சுரப்பிகளுக்குச் செய்தி கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலினின் செயலைப் பழைய டிரைசைக்ளிக் மருந்துகள் தடுக்கக்கூடும். ஆகவே குறைவு நோயாலா, மருந்தாலா என்று பிரித்தறிவது எளிதன்று. வயதும் அறையின் வெப்பமும்கூட அளவை மாற்றும். இவ்வளவீட்டை மட்டும் கொண்டு ஒருவருக்கு மனச்சோர்வு உண்டு, இல்லை என்று முடிவு செய்ய இயலாது.

எனினும் இவ்வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. அழைத்தாலும் அசையாதிருப்பவரைச் சோம்பேறி என்றும், சிறு ஓசைக்கும் திடுக்கிடுபவரைக் கோழை என்றும் சொல்லிவிடுகிறோம். இரண்டுமே அவர் விரும்பி மேற்கொள்வன அல்ல. அவர் உடலே அவ்வாறு துலங்குகிறது. அவருக்குத் தேவை ஏச்சு அல்ல, மருத்துவ உதவி.