குருண்ட்புக்: பாட்டியின் பலாமரமும் ஒரு ஜெர்மன் சொல்லும்

சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பாட்டி நாற்பது வருஷம் இருந்தார். தோட்டம் கைமாறி, வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "பலாமரம் நாம நட்டது. மண்ணு மட்டும் எப்படி அவங்களுதா போச்சு?" எஞ்சினியரிங் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் 'குருண்ட்புக்' என்ற ஜெர்மன் சட்டச் சொல்லில் இருந்தது. குருண்ட் என்றால் நிலம், புக் என்றால் புத்தகம். அதாவது நிலப் பதிவேடு. 1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 892ஆம் பிரிவுப்படி, அதை நம்பி நல்லெண்ணத்தோடு நிலம் வாங்குகிறவருக்கு அதில் எழுதியிருப்பதே உண்மை. பழைய பத்திரங்களைத் தோண்ட வேண்டியதில்லை.

நம்ம ஊர் கெரானும் இதற்கு உறவுதான். 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த நிலப் பதிவுச் சட்டத்துக்கு, ஹாம்பர்க்கிலிருந்து வந்த உல்ரிச் ஹூப்பே என்ற சட்ட அறிஞர் உதவினார். எந்த அளவுக்கு என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. அந்த முறையைத்தான் வெள்ளைக்காரர்கள் மலாயாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 340ஆம் பிரிவு பதிவுபெற்ற உரிமையைக் காக்கிறது. 341ஆம் பிரிவு, எத்தனை காலம் குடியிருந்தாலும் உரிமையாளர் நிலத்தை மீட்பதற்கு அது தடையாகாது என்கிறது. பாட்டியின் நாற்பது வருஷம் அந்த ஒரு வரியில் கரைந்துபோகிறது.

புத்தகம் பொய்யும் சொல்லும். பினாங்கில் ஒரு நிலம் கள்ளக் கையெழுத்தில் விற்கப்பட்ட அடோர்னா வழக்கில், 2000இல் கூட்டரசு நீதிமன்றம் வாங்கியவர் பக்கமே நின்றது. அந்த முடிவு தவறென்று அதே நீதிமன்றம் சொல்ல 2010 ஆயிற்று. ஆனால் அதற்கும் முதலில் புத்தகத்தில் பேர் இருக்க வேண்டும். லயத்துக்காரர்களுக்கு ஏது பேர்?

இதை முன்பே புரிந்துகொண்டவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். கூலிகளின் பணம் கெரானில் சங்கத்தின் பெயராக ஏறியது. வெட்டின மரத்துக்கும் நட்ட மரத்துக்கும் உரிமை கேட்டு அழுவதைவிட, புத்தகத்துக்குள் நுழைவதுதான் வழி என்று அவர் கண்டிருந்தார்.

குருண்ட் என்ற சொல்லுக்குக் 'காரணம்' என்றும் ஒரு பொருள் உண்டு. பாட்டியிடம் காரணம் நிறைய இருந்தது. புத்தகத்தில் ஒரு வரி மட்டும் இல்லை.