எண்வகைத் துணையும் ஒரு குற்றச்சாட்டும்: கொலைக்களக் காதையின் களவு நூற்சான்று பற்றி

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் மதுரைப் பொற்கொல்லன் ஊர்காப்பாளரிடம் கள்வரின் துணைகள் எனச் சொல்லும் எட்டும், அதாவது மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி ஆகியவை, தமிழில் களவு நூல் ஒன்று வழங்கிப் பின்னர் அழிந்துபோனதற்குச் சான்றாக நெடுங்காலம் கொள்ளப்பட்டு வந்துள்ளன. அவ்வெட்டும் அந்நூலின் இயல் தலைப்புகளாக இருந்திருக்கக்கூடும் என்பதும், வடமொழியில் சூத்திரகரின் மிருச்சகடிகமும் தண்டியின் தசகுமாரசரிதமும் காட்டும் களவுக் கலையோடு அவற்றை ஒப்பிட்டால் அழிந்த நூலின் உருவத்தை ஓரளவு மீட்டுவிடலாம் என்பதும் அக்கருத்தின் வளர்ச்சி. இவ்வாசிப்பு சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றைச் சொல்பவன் யார் என்பதை விட்டுவிடுகிறது. அப்பட்டியலைத் தருபவன் அரசியின் சிலம்பைத் தானே கவர்ந்து மறைத்து வைத்திருப்பவன். கேட்பவர்கள் நிரபராதி ஒருவனைக் கொல்லத் தயங்கி நிற்பவர்கள். இந்த இரண்டையும் கணக்கில் எடுத்தால், எட்டும் களவு நூலின் பொருளடக்கமாக அன்றி, ஒரு களவை மறைக்கும் கருவியாகவே தோன்றுகின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு.

வடமொழி ஒப்புமையிலேயே ஒரு விலகல் இருக்கிறது. மிருச்சகடிகத்தின் மூன்றாம் அங்கத்தில் சர்விலகன் கன்னமிடும்போது, அதாவது சுவரில் துளையிட்டு நுழையும்போது, தன் கலையைத் தானே பேசுகிறான். சுட்ட செங்கலானால் பெயர்த்தெடுப்பது, சுடாத செங்கலானால் வெட்டுவது, மண்சுவரானால் நீர்விட்டு நனைப்பது, மரமானால் அறுப்பது என முறை வகுக்கிறான். அளவுநூலை மறந்து வந்ததால் பூணூலையே அளவுகோலாக்குகிறான். துளைக்குள் தான் நுழையுமுன் ஒரு பொய்யுருவை நுழைத்து உள்ளே எவரேனும் விழித்திருக்கிறார்களா என்று பார்க்கிறான். தசகுமாரசரிதத்தின் அபகாரவர்மனும் இரவில் கிளம்பும்போது பொய்த்தலை, அளவுநூல், கயிறு, விளக்கை அணைக்கும் பூச்சிகள் அடைத்த பேழை ஆகியவற்றைத் தானே எடுத்துச் செல்கிறான். இரு நூல்களிலும் கள்வன் தன் தொழிலைத் தன் வாயால், பெருமிதத்தோடு சொல்கிறான். கொலைக்களக் காதையிலோ கள்வன் ஒருவன் பிறனைக் கள்வனாக்குவதற்காகக் களவைப் பேசுகிறான். தொழிலறிவை வெளியிடுவதும் குற்றம் சாட்டுவதும் ஒரே வகைச் சான்று ஆகா. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டதில்தான் முந்தைய வாசிப்பின் பிழை தொடங்குகிறது.

காதையை அதன் வரிசையிலேயே படிப்பது நலம். தன் மனைவி கண்ணகியின் சிலம்பை விற்க வந்த கோவலன் அதைக் காட்டியதும், அது கோப்பெருந்தேவிக்கே உரியது என்று கூறிய கொல்லன், அரசனிடம் தெரிவித்து வரும் வரை தன் குடிலின் அருகே இருக்கச் சொல்கிறான். தான் கவர்ந்த சிலம்பு வெளிப்படுமுன் இந்தப் புதியவனைக் கொண்டு பழியை மாற்றிவிடலாம் என்று அவன் எண்ணுவதைக் காப்பியமே சொல்லிவிடுகிறது. அரசனிடம் அவன் சொல்லும் முதற் செய்தி கவனத்துக்குரியது. கன்னக்கோலும் கவைக்கோலும் இல்லாமலே, துயிற்றும் மந்திரத்தால் வாயிற்காவலரை உறங்கவைத்து, அரண்மனைச் சிலம்பைக் கவர்ந்த கள்வன் தன் குடிலில் இருக்கிறான் என்கிறான். சிறிது நேரத்திற்குப் பின் காவலரிடம் பேசும்போது, கள்வரின் துணைகளில் எட்டாவதாகக் கருவியைச் சேர்த்து, அதைக் கொண்டு அவர்கள் பொருளைக் கவர்ந்தால் காணவல்லார் யார் என்று கேட்கிறான். கருவி இல்லாத கள்வன் என்று அரசனிடம் சொன்னவன், கருவியுடைய கள்வர் என்று காவலரிடம் சொல்கிறான். களவு நூலின் உள்ளடக்கத்தை நேர்மையாக ஒப்பிப்பவனாக அவனைக் கொள்ளும் வாசிப்பு இம்முரணுக்கு விடை தரவில்லை.

அரசனிடம் கருவியை மறுக்க வேண்டிய தேவை அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பதே இங்குக் கேட்கத்தக்கது. அரண்மனைச் சுவரில் துளை இல்லை. இருந்ததாகக் காப்பியம் எங்கும் கூறவில்லை. துளை இல்லாத களவு உள்ளே வரவும் போகவும் உரிமையுள்ளவர் மீதே ஐயத்தைத் திருப்பும். பாண்டியன் பெயரோடு பட்டம் பெற்று, அரசர்க்கு முடிகலம் முதலியன செய்யும் கொல்லன் அத்தகையவன். அர்த்தசாத்திரத்தின் நான்காம் அதிகரணம், பொருள் பறிபோன வீட்டைச் சோதிக்கும் முறையைச் சொல்லும் இடத்தில், வெட்டிய மண்ணும் சிதைவும் கருவியும் எந்தப் பக்கம் கிடக்கின்றன என்பதை வைத்துக் களவு உள்ளாரால் நிகழ்ந்ததா புறத்தாரால் நிகழ்ந்ததா என்று பகுத்தறியச் சொல்கிறது. அந்நூல் மதுரையில் பயிலப்பட்டது என்று இங்கே வாதிக்கப்படவில்லை; துளையைப் பார்த்துக் கள்வனை அறியும் சிந்தனை அக்காலத்துக்கு அயலானது அன்று என்பது மட்டுமே கருத்து. இல்லாத துளைக்கு ஈடாகக் கொல்லன் மந்திரத்தை வைக்கிறான். அம்மந்திரம் வாயிற்காவலரின் பிழையையும் சேர்த்தே கழுவிவிடுகிறது: அவர்கள் அசட்டையாக இருந்ததில்லை, மயக்கப்பட்டார்கள். காவல் துறையைச் சேர்ந்த எவருக்கும் இதைவிட உவப்பான விளக்கம் வேறொன்று இருக்க முடியாது.

இனி எட்டுக்கு வரலாம். காவலர் கோவலனை நோக்கி, அவன் இருக்கும் இலக்கணத்தைக் கண்டு, கொலைக்குரியவன் அல்லன் என்கிறார்கள். இலக்கணம் என்பது இங்கு உடற்குறிகளைக் கொண்டு ஒருவரின் தன்மையைக் கணிக்கும் அறிவு. ஆகவே காவலர் வெறும் இரக்கத்தால் மறுக்கவில்லை, தாம் கற்ற ஒரு முறையைக் கொண்டு மறுக்கிறார்கள். அதற்கு விடையாகத்தான் எட்டும் வருகின்றன. முறைக்கு எதிராக முறை நிறுத்தப்படுகிறது. ஒவ்வொன்றும் கண்முன் இருக்கும் கோவலனுக்கு ஏற்ப வெட்டித் தைக்கப்பட்டிருப்பதை உற்று நோக்கினால் காணலாம். களவுத் தெய்வத்தை நினைத்தால், கவர்ந்த பொருளைக் கையில் வைத்துக் காட்டியபடியே கள்வர் தப்பிவிடுவார்கள் என்கிறான் கொல்லன். சிலம்பை ஒளிக்காமல் காட்டி நிற்பதே கோவலனின் தூய்மைக்கு முதல் அடையாளம். ஒரே சொல்லில் அது குற்றத்தின் அடையாளமாகிவிடுகிறது. நிமித்தம், அதாவது சகுனம், வாய்க்காவிட்டால் பெரும்பொருள் கைக்கு வந்தாலும் கள்வர் தொடமாட்டார்கள் என்கிறான். அப்படியானால் பரபரப்பின்மையும் பேராசையின்மையும் களவுப் பயிற்சியின் விளைவுகளாகிவிடும். மந்திரத்தால் தேவகுமாரர் போலக் கண்ணுக்குப் புலனாகாமல் மறைவார்கள் என்பது, இப்போது கண்ணெதிரே இருப்பவனை உடனே முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தை ஊட்டுகிறது. மருந்து பற்றிய கூற்றோ நேரடி மிரட்டல்: அவனுடைய மருந்துக்கு ஆட்பட்டால் காவலர் அரசனிடம் பெருந்துன்பம் அடைவார்கள். இரவு, பகல் என்ற வேறுபாடும் கள்வர்க்கு இல்லை என்று சேர்க்கும்போது, பகற்பொழுதில் கடைத்தெருவில் சிலம்பு விற்க வந்தவனின் வெளிப்படைத்தன்மையும் எதையும் மெய்ப்பிக்காமல் போகிறது. எந்தச் செயலும் எந்தத் தோற்றமும் ஒருவனை விடுவிக்க முடியாதபடி அமைந்த வளையம் இது. களவைக் கற்பிக்கும் நூல் இப்படி அமைய வேண்டிய தேவை இல்லை. பயில்பவனுக்கு வேண்டியது செய்முறை, இங்கோ செய்முறை ஒன்றுகூட இல்லை. எந்தச் சுவரை எப்படித் துளைப்பது என்று சர்விலகன் சொல்லும் அளவுக்குக்கூட எட்டில் எதுவும் சொல்லப்படவில்லை.

எட்டுக்குப் பின் வரும் கதையும் அதே நோக்கத்தது. முன்னொரு நாள் ஒருவன் பகலில் தூதர் கோலத்தோடு வாயிலில் நின்று, இரவில் பெண் கோலத்தோடு விளக்கு நிழலில் புகுந்து, உறங்கிய இளங்கோவேந்தனின் ஒளிவிடும் ஆரத்தைக் கவர்ந்தான். விழித்தவன் வாளை உருவ, கள்வன் உறையைப் பற்றிக்கொண்டு வீசும் வீச்சையெல்லாம் அதனுள்ளேயே செறித்தான். மற்போருக்கு வந்தபோது மணித்தூணைத் தானாகக் காட்டி மறைந்தான். வேடம், உறையால் வாளைத் தடுத்தல், தூணைக் காட்டி ஏய்த்தல் ஆகிய மூன்றும் சுவையான உத்திகள். இவற்றையே களவு வரலாற்றின் சான்றாகப் பலர் எடுத்துக்கொண்டது வியப்பன்று. ஆனால் இக்கதையில் கள்வன் முதலில் பூணும் வேடம் தூதன், அதாவது பார்வைக்கு மதிப்புள்ளவன். உயர்குடித் தோற்றத்தால் கோவலனை விடுவிக்க முனைந்த காவலரிடம், உயர்தோற்றமே கள்வனின் வேடமாக இருந்த கதையை அல்லாமல் வேறெதைச் சொல்லியிருந்தாலும் அத்துணைப் பயன் விளைந்திராது.

இப்பட்டியல் கொல்லன் அப்போதே புனைந்தது ஆகாது, எட்டாகத் தொகுத்து எண்ணும் முறை ஒரு மரபைக் காட்டுகிறது என்ற தடை எழலாம். அது ஏற்கத்தக்கதே. ஆயினும் அம்மரபு எவருடையது என்பது வேறு கேள்வி. மதுரைக்காஞ்சி அதே மதுரையின் இரவைக் காட்டும்போது, நிலத்தைத் தோண்டும் உளியும் நூலேணியும் கொண்டு நீல உடையில் அணிகலனை நாடித் திரியும் கள்வரையும், அவர்களை எதிர்நோக்கி உலவும் ஊர்காப்பாளரையும் அருகருகே வைக்கிறது. நூல்வழி தவறாத நுண்ணிய தேர்ச்சி என்ற அடை அங்கே காப்பாளருக்கே தரப்படுகிறது, கள்வருக்கு அன்று. அந்நூல் எது என்பதைப் பாட்டு சொல்லவில்லை; ஆனால் களவு பற்றிய நூலறிவு காவலரின் உடைமையாக எண்ணப்பட்டது என்று கொள்ள இடமுண்டு. அர்த்தசாத்திரமும் இதற்குத் துணை நிற்கிறது. சித்தர் வேடமிட்ட ஒற்றர்கள் துயிற்றும் மந்திரம், மறைக்கும் மந்திரம், கதவு திறக்கும் மந்திரம் ஆகியவற்றைத் தாம் அறிந்திருப்பதாகக் கூறி, களவில் நாட்டமுள்ள இளைஞரை அழைத்துச் சென்று, முன்னரே ஏற்பாடு செய்யப்பட்டவர்களைக் கொண்டு அம்மந்திரங்கள் பலிப்பதாக நடித்துக் காட்டி, பின்னர் அவர்களைப் பிடிக்க வேண்டும் என்று அது வகுக்கிறது. துயிற்றும் மந்திரம் அங்கே கள்வனின் கைப்பொருளாக அல்லாமல், கள்வனைப் பிடிப்பவன் விரிக்கும் வலையாகவே இருக்கிறது. கொல்லன் காவலரிடம் கள்வரின் நூலைச் சொல்லவில்லை, காவலரின் அச்சங்களையே அவர்களுக்குப் பழகிய சொற்களில் திருப்பிச் சொன்னான் என்று கொள்வதே பொருத்தம். எல்லாம் ஊழ்வினையால் நிகழ்ந்தது என்று காப்பியமே சொல்கையில் கொல்லனின் உத்தியை இவ்வளவு ஆராய்வது ஏன் என்று கேட்பவர்க்கு, ஊழ் எவ்வழியாக வந்து உருத்தியது என்பதையும் காப்பியமே விரித்துக் காட்டுகிறது என்பது போதிய விடை.

இவ்வாசிப்பை வலுப்படுத்தும் ஓரிடம் பெரும்பாலும் கடந்து செல்லப்பட்டுவிட்டது. கொல்லன் பேசி முடித்ததும், வேலேந்திய இளங்காவலன் ஒருவன் தான் கண்டதைச் சொல்கிறான்: மாரிக்கால நள்ளிருளில், ஊர் உறங்கிய வேளையில், நிலம் தோண்டும் உளியோடும் நீல உடையோடும் ஒருவன் கலன் நாடிப் புலிபோல் வந்தான், உருவிய வாளை அவன் பறித்துக்கொண்டான், பிறகு அவனைக் காணவே இல்லை. காதை முழுவதிலும் களவுத் தொழிலைக் கண்டறிந்தவனின் சாட்சியம் இது ஒன்றே. மதுரைக்காஞ்சி காட்டும் உளியும் நீல உடையும் இதிலே அப்படியே இருக்கின்றன. மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை, தெய்வமும் இல்லை. மழை, இருட்டு, நிறத்தால் இருளோடு கலக்கும் துணி, ஓர் உளி, விரைந்த கை ஆகியவையே உண்டு. பழைய மதுரையின் களவு உத்தியை அறிய விரும்புவோர் கொல்லனின் எட்டை விட்டு இச்சில அடிகளிடம்தான் வரவேண்டும். ஆனால் அந்த நேர்மையான சாட்சியமே கொல்லனுக்குத் துணையாகி முடிகிறது. அவன் சொன்னதைக் கேட்டவன் தன் நினைவிலிருந்தே அதற்கு மெய்ப்பை எடுத்துக் கொடுத்துவிட்டான். ஏய்ப்பவன் முழுப்பொய்யையும் தானே சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் வாளெறிந்தவன், இலக்கணமும் நூலும் எதுவும் அறியாத, கல்லாத களிமகன்.

எட்டும் எவருக்கேனும் பொருந்துமாயின் அது கொல்லனுக்கே. அரசன் மந்திரச் சுற்றத்தை விட்டு நீங்கி, ஊடிய தேவியிடம் விரைந்து செல்லும் காலத்தைப் பெற்றான்; ஆராய்ந்து வினவ அமைச்சர் எவரும் இல்லாத அந்தப்புர வாயிலை இடமாகப் பெற்றான்; தோற்றத்தில் தேவியின் சிலம்பை ஒத்த மற்றொரு சிலம்பைக் கருவியாகப் பெற்றான். அர்த்தசாத்திரம் பொற்கொல்லர் களவாடும் வழிகளை ஐந்தாக எண்ணும்போது, பொய்த் தராசோடு, நல்லதை எடுத்துக்கொண்டு அவ்விடத்தில் தாழ்ந்ததை வைக்கும் மாற்றையும் சொல்கிறது. மதுரையில் நடந்ததும் மாற்றே. பொன்னுக்குப் பொன் அன்று, கள்வனுக்குப் பதில் ஒரு புதியவன்.

தொலைந்த பொருளாக ஐயுறப்படுவதை ஒருவனிடம் கண்டால், இது உனக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் அவனையே வினவ வேண்டும் என்கிறது அர்த்தசாத்திரம். வந்த வழியை அவன் மெய்ப்பித்தால் விடுவிக்கவும் சொல்கிறது. கொலைக்களக் காதையில் கோவலனை நோக்கி அவ்வினா ஒருமுறையும் எழவில்லை. சிலம்பு கையில் இருந்தால் என்ற நிபந்தனையோடு அரசன் இட்ட ஆணை, அது எவருடைய சிலம்பு என்பதை அறிய வழி வைக்கவில்லை. வழக்குரை காதையில் கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சொன்ன பிறகே, தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்பதை அரசன் சொல்கிறான். காவலர் முன் எண்ணப்பட்ட எட்டும் கள்வனைப் பற்றியே பேசின. சிலம்பின் உள்ளே இருந்ததை அவற்றுள் ஒன்றும் தொடவில்லை.